மாயா பஜார்: மாயம் வேலை செய்யற விதம்

[திரை: கறுப்பு வெள்ளை. கல்யாண விருந்து நடுவுல கடோத்கஜன்.]

குரல்:
1957 ஏப்ரல்ல தமிழ்ல வெளியான படம். கே.வி. ரெட்டி இயக்கம், மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. அதுல வர்ற 'கல்யாண சமையல் சாதம்' பாட்டு டிவியில ஓடினா இன்னைக்கும் பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார்றாங்க. லட்டு தானா பறந்து வாய்க்குள்ள போறதுதான் காரணம்னு சொன்னா அது பாதிதான். இந்தப் படத்துல மாயம் யாருக்கும் காதலை உண்டாக்கறது இல்லை. மத்ததெல்லாம் அதுமேலதான் நிக்குது.

பலராமன் மகள், தமிழ்ல வத்சலா, தெலுங்குல சசிரேகா. அவளுக்கும் அபிமன்யுவுக்கும் சின்ன வயசுலயே கல்யாணப் பேச்சு ஆயாச்சு. பாண்டவர்கள் சூதுல எல்லாத்தையும் தோத்ததும் பெண் வீட்டார் மனசு மாறுது, துரியோதனன் மகனுக்குக் குடுக்க நினைக்கறாங்க. வியாச பாரதத்துல இல்லாத, நாட்டுப்புறத்துல வளர்ந்த கதை இது. பணம் போனதும் சொந்தம் முகம் திருப்பறது நம்ம எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச விஷயம். காதல் ஏற்கெனவே இருக்கு, தடை பெரியவங்க வார்த்தையில இருக்கு. மாயம் அந்தத் தடையை மட்டும்தான் கலைக்குது. மந்திர மருந்து குடிச்சதால காதல் வந்துச்சுன்னு போற கதைகள் சீக்கிரம் மறந்துபோறதுக்குக் காரணம், மருந்து இறங்கினதும் அங்க பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது.

[திரை: பிரியதர்சினி பெட்டி திறக்குது.]

இந்தப் பெட்டியைப் பாருங்க. திறக்கிறவங்களுக்கு மனசுக்குப் பிடிச்சது உள்ள தெரியும். வத்சலாவுக்கு அபிமன்யு. அவ அம்மா ரேவதிக்கு நகை. பலராமனுக்கு துரியோதனன். கிருஷ்ணனுக்கு சகுனி! ஒரே விதி, நாலு ஆள், நாலு குணம். வசனமே தேவைப்படலை. மாயத்துக்கு இப்படி ஒரு கறாரான விதி இருந்தாத்தான் சிரிப்பு வரும். எது வேணா நடக்கலாம்னு விட்டுட்டா எதிர்பார்க்க ஒண்ணும் இருக்காது.

[திரை: மாய வத்சலா நடந்து வர்றா.]

படத்தோட உச்சம் வத்சலாவா நடிச்ச சாவித்திரி. இங்க வத்சலா உருவத்துல இருக்கறது, துரியோதனன் மகனோட நடக்கற கல்யாணத்தைக் குலைக்க வந்த பீமன் மகன் கடோத்கஜன். அதனால ஒரு பெண், பெண்ணா நடிக்கற ஒரு அரக்கனா நடிக்கணும். தோளை மட்டும் கவனிங்க. அகலமா அடி வைக்கும்போது தோள் விரியும், யாரோ வர்றாங்கன்னதும் சட்டுனு குறுகும், கண் தாழும். அந்த ஒரு நொடி தாமதம்தான் நகைச்சுவை. கல்யாணத்துல மாப்பிள்ளை காலை மிதிக்கற இடத்துலயும் முகத்துல வெட்கம் குறையாது.

உருவம் மாறற தந்திரம், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, பெரும்பாலும் கேமராவை நிறுத்தி எடுக்கறது. ஸ்டாண்டுல கேமராவை அசையாம பூட்டணும். நடிகர் கால் இருக்கற இடத்துல சாக்பீஸ் குறி. கேமரா நின்னதும் மத்தவங்க சிலையா நிக்கணும். ஆளை மாத்தி, மறுபடி ஓட்டணும். கேமரா நிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் சில பிரேம்களுக்கு வெளிச்சம் அதிகமா விழுந்து வெளுத்துப்போகும், எடிட்டிங்ல அதை வெட்டணும். வெயில்ல எடுத்தா இடைவெளியில நிழல் நகர்ந்து குட்டு வெளிப்படும். அதனாலதான் ஸ்டுடியோ விளக்கு நல்லது. பக்கத்துல நிக்கறவர் விரல் அசைஞ்சாக்கூட முதல்ல இருந்து எடுக்கணும்.

ஒரே பிரேம்ல ரெண்டு படம் வேணும்னா பிலிமைப் பின்னால சுத்தி மறுபடி எடுப்பாங்க. முதல் தடவை, ரெண்டாவது படம் விழவேண்டிய இடத்தைக் கறுப்பா மறைச்சு வைக்கணும். கேமராவுக்குள்ள பிலிமைப் பிடிச்சு வைக்கற சட்டத்துல (கேட்) பிலிம் துளி விலகி உட்கார்ந்தாலும் உள்ள இருக்கற உருவம் நடுங்கும்.

[திரை: படகுப் பாட்டு.]

'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டோட நிலவொளிக்காகவே பார்ட்லி பேரை இன்னும் சொல்றாங்க. கறுப்பு வெள்ளையில பகலை இரவாக்க ஒரு பொது வழி உண்டு: சிவப்பு பில்டர் போட்டா நீல வானம் கறுக்கும், சூரியனைப் பின்னால வெச்சு, வெளிச்சத்தை ரெண்டு ஸ்டாப், அதாவது கால்வாசியா, குறைக்கணும். சிக்கல் என்னன்னா, அதே பில்டர் முகத்தையும் உதட்டையும் வெளுத்துடும். அதனால முகம் தெரியற க்ளோசப்பை ஸ்டுடியோவுல விளக்கு வெச்சுத் தனியா எடுக்கறது வசதி. அப்புறம் தூரக் காட்சியோட சாம்பல் நிறமும் இதுவும் ஒட்டணும், அதுதான் கஷ்டம். தெலுங்குப் பதிப்புக்கு 2010-ல வண்ணம் ஏத்தினாங்க. எனக்குக் கறுப்பு வெள்ளையில தண்ணி மேல விழற வெளிச்சம்தான் நிலா. வண்ணம் வந்ததும் அது விளக்காத் தெரியுது.

அடுத்த தடவை பார்க்கும்போது பாண்டவர்களைத் தேடிப் பாருங்க. அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட வரமாட்டாங்க. அவங்க தோல்வியால வந்த சிக்கல் இவ்வளவு, ஆனா கண்ணுக்குத் தெரியறது பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மட்டும்தான். கடைசியில சகுனி ஒரு மாயப் பெட்டி மேல ஏறறான். மேல நின்னா மனசுல உள்ளது வாயில வந்துடும். விதி ஒண்ணே ஒண்ணு, சதி மொத்தமும் வெளியே!