வால்டாக்ஸ் ரோடும் பாரிமுனையும்

அவையோருக்கு வணக்கம். சென்னை ஜார்ஜ் டவுனின் எல்லையைக் காட்டச் சொன்னால் பலரும் வரைபடத்தைத்தான் விரிப்பார்கள். நான் பேருந்து நடத்துநரின் குரலிலிருந்து தொடங்குகிறேன். அவர் 'பாரிஸ், பாரிஸ்' என்று கூவும்போது, ஊருக்குப் புதியவர் பிரான்சின் தலைநகரை நினைத்துக்கொள்கிறார். பலகையில் 'பாரிமுனை' என்று படிக்கும் தமிழாசிரியரோ முல்லைக்குத் தேர் ஈந்தவனை நினைக்கிறார். பெயருக்கு உரிய தாமஸ் பாரி, 1788இல் இங்கே வணிகம் தொடங்கிய வெல்ஷ்காரர்.

அந்த முனைதான் பேட்டையின் தெற்கு எல்லை. இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டியே இருந்தது. 1758–59இல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டபோது அந்த வீடுகளே எதிரிக்கு மறைவிடமாயின. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனியார் அவற்றை இடித்து வெளியாக்கி, இதற்குத் தெற்கே எவரும் கட்டக்கூடாது என்று 1773இல் 13 எல்லைத் தூண்களை நட்டார்கள். அவற்றுள் எஞ்சிய ஒன்று, பாரி நிறுவனத்தின் கட்டடமான டேர் ஹவுஸின் மூலையில், அவசரமாகச் சாலை கடப்பவர் கண்ணில் படாமல் நிற்கிறது.

மேற்கு எல்லையின் கதை இன்னும் சுவையானது. ஹைதர் அலியின் படைகள் நகரின் விளிம்புவரை வந்துபோன அச்சத்தில், வடக்கிலும் மேற்கிலும் ஒரு மதில் எழுந்தது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. செலவை ஊராரிடமே வரியாகப் பெறக் கம்பெனி எண்ணியது, ஆனால் அந்த வரி வசூலாகவில்லை. வசூலாகாத வரி, 'Wall Tax' (மதில் வரி) என்று சாலைக்குப் பெயராக மட்டும் தங்கிவிட்டது. ஆங்கிலத்தின் அகன்ற ஓகாரம் தமிழ் வாயில் ஆகாரமாகி, இரு சொற்களும் ஒட்டிக்கொண்டு 'வால்டாக்ஸ்' ஆனபின், அதில் சுவரும் வரியும் யார் காதிலும் விழுவதில்லை. வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றியும், ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றால்தான் வண்டி நகர்கிறது. இதைப் பிழை என்று திருத்த முற்படும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜார்ஜ் டவுனின் மேற்குப் பகுதியான 'பெத்தநாயக்கன்பேட்டை'யை மட்டும் நாம் சரியாகவா சொல்கிறோம்? தெலுங்கில் அழுத்தி அதிர்ந்து ஒலிக்கும் இரட்டைத் தகரம், தமிழில் இரட்டித்தால் வல்லோசை மட்டுமே பெறும். நாவின் இயல்பு அது.

அந்தப் பேட்டைக்கும் கிழக்கிலுள்ள முத்தியால்பேட்டைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடியது. ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் அதைத் தூர்த்து அமைத்த தெருவே பிராட்வே. இன்று பிரகாசம் சாலை.

வடக்கே, பழைய ஜெயில் ரோட்டை ஒட்டி, மதிலின் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. மேலே ஏறினால் பூங்கா. மக்கள் அதை மாடிப் பூங்கா என்கிறார்கள். இந்தப் பேட்டையைச் சுற்றிவந்ததில், உச்சரிப்பில் எந்த வழக்கும் இல்லாத எல்லைப் பெயராக எனக்கு அகப்பட்டது அது ஒன்றுதான்.