படிக்க வந்த சாமியாருக்கு ஒரு திங்கட்கிழமை

அருள்பணியாளர்களே, காரைக்குடியிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் பங்கு மக்களே, வணக்கம்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு கத்தோலிக்கச் சாமியார், அதாவது குருவானவர், உங்கள் பங்கில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நாள் எப்படிப் போகிறது, அதில் நாம் எங்கே கை வைக்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

குருப்பட்டம் வாங்கியவருக்கு இன்னும் என்ன படிப்பு என்று கேட்கிறார்கள். தனிநாயகம் அடிகள் 1938-இல் உரோமையில் குருவானவர். அதற்குப் பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழ் படித்தார். நம் கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1929-இல் நிறுவிய பல்கலைக்கழகம் அது. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதில் அந்த மாணவரின் உழைப்பு பெரிது. குருப்பட்டத்துக்குப் பிறகும் குருக்கள் படிப்பைத் தொடர வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 279-ஆம் எண்ணிலேயே இருக்கிறது.

காலை ஆறு மணிப் பூசை என்றால் ஐந்துக்கு முன்பே எழ வேண்டும். வாரநாள் பூசை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரம் கரைவது அதற்குப் பிறகு, சக்கிரீஸ்து வாசலில், அதாவது பூசை உடுப்பு மாற்றும் அறையின் வாசலில். பூசைக் கருத்து, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை என்று சொல்ல ஒருவர், புது வண்டி மந்திரிக்க ஒருவர், ஞானஸ்நானச் சான்றிதழுக்கு ஒருவர். பத்து மணிக்குப் பல்கலைக்கழகத் துறையில் இருக்க வேண்டியவர் எட்டரைக்கு இன்னும் வாசலில் நிற்பார். சான்றிதழ் பங்குத்தந்தை அலுவலகத்து வேலை. கருத்துகளுக்கு ஒரு நோட்டு போட்டு உபதேசியாரிடம் கொடுத்துவிட்டால் போதும். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே அவருக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும்.

குருக்கள் நாள்தோறும் நேரம் பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டளைச் செபத்தைப் பற்றி இளம் குருக்களுக்குச் சொல்கிறேன். காலைச் செபமும் மாலைச் செபமும்தான் அச்சு. அவற்றை அந்தந்த நேரத்திலேயே சொல்லுங்கள். பகலில் உள்ள மூன்று சிறு செபங்களில் ஒன்றைச் சொன்னால் போதும். வகுப்பு இடைவேளையில் மரத்தடியில் முடித்துவிடலாம். வாசகச் செபம்தான் நீளமானது. அதை முந்தின நாள் மாலைச் செபத்துக்குப் பிறகே சொல்ல அனுமதி உண்டு. இதைப் பயன்படுத்தாதவர்கள் இரவுச் செபத்தோடு ஐந்தையும் இரவு பதினொரு மணிக்குச் சேர்த்து வைத்துத் தூக்கத்தில் முனகுகிறார்கள். அதில் செபமும் இல்லை, ஓய்வும் இல்லை.

முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதி. முதலில் வரும் பாடப் பகுதியைப் பெரும்பாலும் நன்றாகவே முடித்துவிடுவார்கள். தேர்வுத் தேதி பிடித்துத் தள்ளும். நிற்பது அதற்குப் பிறகு. ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எப்போது தருவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் செபமான நவநாளின் மறையுரைக்கோ ஐந்து பங்கிலிருந்து கேட்கிறார்கள். பத்து நிமிட மறையுரைக்கு அரை நாள் தயாரிப்பு, போக வர அரை நாள். தவக்காலத்தில் வெள்ளி தோறும் சிலுவைப்பாதை, மே மாதம் திருவிழாக்கள் என்று ஓர் ஆண்டு ஓடிவிடும். நெறியாளரிடம் தேதி சொல்லி, அதை மேசைக்கு மேல் எழுதி ஒட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குரு கிளைக் கிராமங்களையும் சேர்த்து மூன்று பூசை வரை வைக்கலாம், அதுவும் ஆயர் அனுமதியோடு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் உண்டே என்று நாம் அவருக்குத் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறோம். இரண்டாவது, மூன்றாவது பூசைக்கு முன் அவர் ஏதாவது சாப்பிடச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு இட்லியும் ஒரு காபியும் கொடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர் என்றால் கட்டாயம் கொடுங்கள்.

அப்படி உழைத்தவருக்குத் திங்கட்கிழமையாவது வேண்டும். அன்று அவர் பூப்பந்து ஆடட்டும். ஆத்தங்குடிக்கு சைக்கிளில் போய்த் தரைக்கல் செய்வதைப் பார்க்கட்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயச் சிமெண்டை ஊற்றி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டுச் சமப்படுத்துகிறார்கள். காய்ந்தபின் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். மெருகு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது, சூளையே கிடையாது. வாரம் முழுக்கப் புத்தகத்தோடு இருந்த கண்ணுக்கு அந்த வேலையைப் போல ஓய்வு இல்லை. பங்குனியில் கம்பன் விழாவுக்கும் அவரை அழைத்துப் போங்கள். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கழகம் நடத்துவது. வீரமாமுனிவரின் தேம்பாவணி படித்த குருவானவருக்குக் கம்பன் அந்நியமில்லை.

விருந்துக்குக் கூப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரநாள் மதியம் கூப்பிடாதீர்கள். நம் வீட்டு இலையில் உட்கார்ந்து எழுந்தவர் அன்று பிற்பகல் நூலகத்தில் விழித்திருக்க முடியாது. ஞாயிறு மதியம் கூப்பிடுங்கள்.

நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. திங்களானாலும் தேர்வு நாளானாலும் நள்ளிரவானாலும் கதவைத் தட்டுங்கள். நினைவு தப்பும்வரை காத்திருக்க வேண்டாம். நினைவு இருக்கும்போது வந்தால்தான் நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை, அதாவது நற்கருணை, வாங்க முடியும். கட்டில் அருகே சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவையில் இயேசு இருக்கும் பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி. இவற்றை எடுத்து வைத்துவிட்டு, தெருமுனையில் ஓர் ஆளையும் நிறுத்துங்கள். வெளியூர்ச் சாமியாருக்கு உங்கள் வீடு தெரியாது.