கொடி பிடித்தவர் துரோகியா?

நடுவர் அவர்களே, "எட்மண்ட் வெர்னி மன்னருக்காக உயிரை விட்டது செஞ்சோற்றுக் கடனா, கொள்கைத் துரோகமா?" என்பது தலைப்பு. வெர்னி, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் கொடியைப் போரில் ஏந்தியவர். துரோகம்தான் என்று அடித்துப் பேசிவிட்டு எதிரணித் தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும். கடன்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

"மனசுக்கு ஒப்பாத பக்கத்துக்குக் கொடி பிடித்தவர்" என்றார். உண்மைதான், மறைக்கவில்லை. 1642இல் இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்ட நேரத்தில், நண்பர் எட்வர்ட் ஹைடிடம் வெர்னியே சொன்னார்: இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை, நாடாளுமன்றம் கேட்பதை மன்னர் சார்லஸ் கொடுத்துவிட்டால் நல்லது, ஆனால் முப்பது வருஷம் போல அவர் ரொட்டியைத் தின்றவன், இப்போது கைவிடுவது ஈனத்தனம். சாகத்தான் போகிறேன் என்பதையும் சேர்த்தே சொன்னார். பதவி ஆசை பிடித்தவர் பேச்சா இது?

பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் துரோகம் எனலாம். வெர்னி அரண்மனை உத்தியோகம் பார்த்துக்கொண்டே, நாடாளுமன்றத்தில் மன்னரின் எதிர்ப்பாளர்களோடு சேர்ந்து வாக்களித்தவர். சம்பளம் தருகிறவருக்கு எதிராகக் கை தூக்க நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? (கைதட்டல் வேண்டாம், மணி அடித்துவிடுவார்கள்.) அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தானே கும்பகர்ணன் களத்துக்குப் போனான்? அவனை யாராவது துரோகி என்கிறோமா?

அப்புறம் எட்ஜ்ஹில் போர்க்களம். அதே வருஷம் அக்டோபர் 23. வெர்னி அன்று கவசம் போடவில்லை, வீரர்கள் உடுத்தும் தடித்த தோல் அங்கிகூட இல்லை. கையில் மன்னரின் கொடி. எதிரிகள் நெருக்கியபோது கொடிக்கம்பின் முனை உடையும்வரை குத்தினார். இருவரைக் கொன்ற பிறகே விழுந்தார் என்று மன்னர் தரப்பிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார். உடல் கிடைக்கவேயில்லை. வெட்டுண்ட கை கொடியை விடவில்லை என்று ஒரு கதையும் உண்டு. கதையை நான் சாட்சிக்கு அழைக்கப்போவதில்லை. உடைந்த முனையே எனக்குப் போதும்.

எதிரணித் தலைவர் மகன் ரால்ஃபைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பாவை எதிர்த்து நாடாளுமன்றப் பக்கம் நின்றவராம். சரி, நின்றார். அதே நாடாளுமன்றம் 1643இல் ஒரு மத உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டபோது, முடியாது என்று மறுத்துப் பிரான்சுக்குப் போய்விட்டாரே, அதை ஏன் ஐயா சொல்லவில்லை? சொந்தப் பக்கத்துக்கே தலையாட்ட மறுக்கிற அந்தக் குணம் யார் வீட்டுச் சொத்து?