சிறையிலிருந்தபடியே தேர்தலில் ஜெயித்த மேத்யூ லயன்

1798 அக்டோபர். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம், வெர்ஜென்ஸ் ஊர்ச் சிறை. 16 அடிக்கு 12 அடி அறை. மூலையிலேயே கழிப்பிடம், நாற்றம் குடலைப் புரட்டுகிறது. ஜன்னலில் கம்பி உண்டு, கண்ணாடி கிடையாது, குளிர்காற்று நேராக உள்ளே வருகிறது. உள்ளே இருப்பவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மேத்யூ லயன். ஜனாதிபதி ஜான் ஆடம்ஸுக்கு ஆடம்பரத்திலும் முகஸ்துதியிலும் அடங்காத ஆசை என்று பத்திரிகைக்கு எழுதியதுதான் அவர் செய்த குற்றம்.

யார் இவர்? அயர்லாந்தில் பிறந்தவர். கப்பல் கட்டணத்துக்குக் காசில்லாமல், உழைத்துக் கழிக்கும் ஒப்பந்தக் கூலியாக 1764ல் கனெக்டிகட் வந்து சேர்ந்த பையன். முதல் எஜமான் ஒரு ஜோடிக் காளைகளை வாங்கிக்கொண்டு அவரை இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டார். லயன் அதை மறைக்கவே இல்லை, ‘என்னை மீட்ட காளைகள் மேல் ஆணை’ என்றுதான் சத்தியம் செய்வாராம். அப்புறம் வெர்மாண்டில் ஃபேர் ஹேவன் ஊரை உருவாக்கி, இரும்புப் பட்டறை, காகித ஆலை எல்லாம் நடத்தி, 1797ல் சபைக்குள் நுழைந்தார்.

அங்கே 1798 ஜனவரியில் ரோஜர் கிரிஸ்வால்ட் என்ற உறுப்பினர் சுதந்திரப் போரில் லயன் நடந்துகொண்ட விதத்தைக் கேலி செய்ய, லயன் அவர் முகத்தில் துப்பிவிட்டார். அது தப்புதான். லயனின் பதவியைப் பறிக்க 52 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு, அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வால்ட் சபைக்குள்ளேயே கைத்தடியால் விளாச, லயன் கணப்படுப்பு இடுக்கியைத் தூக்கிக்கொண்டு எதிர்த்தார்!

ஆனால் சிறைக்குப் போனது இந்த அடிதடிக்காக இல்லை. அரசை அவதூறாக எழுதினால் தண்டனை என்ற சட்டம் அந்த ஜூலையில் வந்தது. லயன் கடிதம் எழுதியது ஜூனில், அச்சில் வந்தது சட்டத்துக்குப் பிறகு. நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். எழுதும்போது இல்லாத சட்டத்தை வைத்து ஒருவரைப் பூட்டிவைப்பதை எப்படி நியாயம் என்பது?

வெர்மாண்ட் மக்கள் ஓட்டில் பதில் சொன்னார்கள். டிசம்பர் தேர்தலில், சிறைக்குள் இருந்த லயன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். பிப்ரவரியில் வெளியே வந்தவுடன், மறுபடி பிடித்துவிடாதபடி, ‘நான் சபைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று அறிவித்துவிட்டே கிளம்பினார். சபைக்குப் போகும் உறுப்பினரை அவ்வளவு எளிதில் கைது செய்ய முடியாதே!

ஜனாதிபதி தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் சமமான ஓட்டு வாங்க, யார் ஜனாதிபதி என்ற இழுபறி 1801ல் சபைக்கு வந்தது. அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 36ஆவது சுற்றில் வெர்மாண்டின் இன்னொரு உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, லயனின் ஒற்றை ஓட்டே அந்த மாநிலத்தை ஜெஃபர்சன் பக்கம் சேர்த்தது. தேர்தலில் ஏற்கெனவே தோற்றிருந்த ஆடம்ஸ் வீட்டுக்குப் போனார்.

பிறகு கென்டக்கியிலிருந்தும் சபைக்குத் தேர்வாகி, 1822ல் அர்கன்சாவில் இறந்தார். அந்த அபராதத்தை 1840ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வட்டியோடு அவர் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது.