கல்லீரலில் முதல் இரண்டு வாரம்

(உலக நீரிழிவு நாளையொட்டி மதுரை தல்லாகுளத்தில், முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

“ஊசியை நிறுத்த வழியே இல்லையா, டாக்டர்?” என்று என்னிடம் கேட்காத பெற்றோர் இந்த அவையில் இல்லை. வழி திறந்திருக்கிறது: இன்சுலின் சுரக்கும் செல்களை உடலில் மாற்றி வைப்பது. அதன் நடுவே நிற்கும் பெரிய தடை, மாற்றி வைக்கும் செல்கள் முதல் சில நாட்களிலேயே செத்துப்போவது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் கணையத்தில் லாங்கர்ஹான் திட்டுகள் எனும் நுண்ணிய செல் கூட்டங்கள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 அல்லது 2 விழுக்காடுதான் தேறும். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அவற்றுக்குள் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளின் உடலில் நோய் எதிர்ப்பு மண்டலமே அவற்றை அழித்துவிட்டது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கணையத்தைப் பெற்று, கொலாஜினேஸ் என்ற நொதியால் திசுவைக் கரைத்து, திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக்குள் செலுத்துகிறார்கள். இதுதான் திட்டு மாற்று சிகிச்சை.

2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷப்பிரோ குழுவினர் வெளியிட்ட முடிவில், சிகிச்சை பெற்ற 7 பேரும் ஊசியின்றி இருந்தார்கள். மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அதே மையம் 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்தாம் ஆண்டிலும் ஊசியின்றி இருந்தவர்கள் சுமார் 10 விழுக்காட்டினரே. ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குத் திட்டுகள் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தன. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. நடுச்சாமத்தில் எழுந்து பிள்ளையின் விரலைக் குத்திப் பார்க்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, செல்கள் ஏன் சாகின்றன?

கணையத்துக்குள் திட்டுகள் செல்வாக்காக வாழ்பவை. எடை அற்பம் என்றாலும், கணையத்துக்கு வரும் இரத்தத்தில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ அவற்றுக்கே போகிறது. பிரித்தெடுக்கும்போது அந்த நுண்குழாய்கள் எல்லாம் அறுபடுகின்றன. பிறகு அவை நேராக இரத்தத்துக்குள் விழுகின்றன. அந்நியத் திசுவைக் கண்ட இரத்தம் சும்மா இருக்குமா? நொடிகளில் உறையத் தொடங்குகிறது, தட்டணுக்கள் மொய்க்கின்றன, அழற்சி மூள்கிறது. செலுத்திய திட்டுகளில் பாதிக்கு மேல் முதல் சில நாட்களிலேயே அழியக்கூடும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

தப்பிப் பிழைத்தவற்றுக்கு அடுத்த கண்டம் மூச்சுத் திணறல். புதிய இரத்தக்குழாய் வளர்ந்து இணைய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை அக்கம்பக்கத்திலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜன்தான் ஆதாரம். பெரிய திட்டுகளின் நடுப்பகுதி முதலில் கருகுகிறது. பெரியாறு பாசனத்தில் நடவு செய்தவர்களுக்கு இது புரியும்: பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடித்துப் பச்சை கட்டும்வரை வாடித்தான் நிற்கும், அந்த நாட்களில் தண்ணீர் தவறினால் பிறகு எத்தனை உரம் போட்டும் பயனில்லை.

எட்மன்டனில் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 10,000 திட்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 லட்சத்துக்கு மேல். பிரிக்கும்போதே பெரும்பங்கு வீணாகிவிடுவதால், ஒரு நோயாளிக்குப் பெரும்பாலும் இரண்டு கொடையாளர்கள் வேண்டியிருந்தார்கள். உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது 2023இல். துக்கத்தின் நடுவே அந்தக் குடும்பங்கள் கொடுத்ததில் பாதி கல்லீரலில் கரைந்துபோவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இரத்தம் உறையாதிருக்கத் திட்டுகளோடு ஹெப்பாரின் தருகிறார்கள். அழற்சியைத் தணிக்க முதல் நாட்களில் எட்டனெர்செப்ட் போன்ற மருந்துகள் உண்டு. புதிய செல்கள் களைத்துவிடாதபடி, மாற்றிய பிறகும் சில காலம் இன்சுலின் ஊசி போட்டு அவற்றுக்கு ஓய்வு தருகிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளின் உறைக்குள் திட்டுகளை வைக்கும் யோசனை 1980லேயே வந்தது. ஆனால் உறையைச் சுற்றி நார்த்திசு படர்ந்தால் ஆக்சிஜன் அடைபட்டுவிடுகிறது. காற்றோட்டத்துக்கு வழி செய்யாத எந்தக் காப்பும் பயன்படாது என்பது என் கருத்து.

கொடையாளர் தட்டுப்பாட்டுக்கு விடை, வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வரலாம். 2025இல் வெளியான ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திட்டுகளை முழு அளவில் ஒரே தவணையில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் ஊசியின்றி இருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்த செய்தி அது. அவையும் அதே போர்ட்டல் சிரை வழியாகத்தான் போகின்றன. அதே இரண்டு வாரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். புதிய செல்களை உடல் தாக்காதிருக்க, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் தொடர வேண்டும். அவற்றில் ஒன்றான டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பீட்டா செல்லையே நலிவடையச் செய்யும். அதனால்தான் உங்கள் பிள்ளைக்கு இன்று இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டெம் செல் ஊசியால் சர்க்கரை நோய் தீரும் என்று துண்டுப் பிரசுரத்தோடு வருபவர்கள் உண்டு. மருத்துவ ஆய்வுக்கு வெளியே அதை நீரிழிவுக்குத் தர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் இடம் தரவில்லை. எந்தச் செல், உடலில் எங்கே வைக்கிறீர்கள், இரத்தக்குழாய் வளரும்வரை அதை எப்படிக் காப்பீர்கள், ஆய்வுப் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். யார் சொன்னாலும் ஒரு வேளை இன்சுலினைக்கூட நிறுத்தாதீர்கள்.