தங்கம் வென்ற பிறகு கல்லூரிக்குப் போன பெண்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களிடம் மரி-பிலிப் பூலான் என்ற பெயரைச் சொன்னால் உடனே ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளைத்தான் பேசுவார்கள். 2010, 2014, 2018, 2022 என்று அடுத்தடுத்து நான்கு இறுதிப் போட்டிகளிலும் கோல் போட்டவர் அவர். எனக்கோ அந்தக் கோல்களைவிட, அவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடிய ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பூலான் பிறந்தது 1991இல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில். வளர்ந்தது போஸ்வில் என்ற சிற்றூரில். பிரெஞ்சு பேசும் ஊர். முதலில் பனித்தரையில் சறுக்கி நடனமாடும் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டார். அண்ணன் ஹாக்கி ஆடுவதைப் பார்த்து அவரும் மட்டையைப் பிடித்தார். பதின்பருவம் வரை பையன்களோடுதான் ஆட்டம். பிறகு மாண்ட்ரியலுக்கு வந்து, ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் டாசன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. மேலே படிக்க அமெரிக்கா போக வேண்டும் என்றால் அந்த மொழி வேண்டும், அதனால் அங்கே சேர்ந்தார்.

2010 பிப்ரவரி 25, வான்கூவர் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. கனடா இரண்டு, அமெரிக்கா பூஜ்யம். இரண்டு கோலும் பூலான் போட்டவை, அதுவும் முதல் இருபது நிமிடத்துக்குள். வயது 18. நாடே கொண்டாடியது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பாஸ்டனுக்குப் போய் முதலாண்டு மாணவியாக வகுப்பில் உட்கார்ந்தார்.

தங்கம் வென்ற பிறகு எதற்காகக் கல்லூரி அணிக்குப் போக வேண்டும்? காரணம் எளிது. பெண்களுக்கு வேறு இடம் இல்லை. கனடாவில் இருந்த பெண்கள் லீக் அப்போது சம்பளம் தரவில்லை. மாண்ட்ரியல் அணியில் அவர் ஏற்கெனவே ஆடியிருந்தார், அங்கே நிலைமை என்ன என்று அவருக்குத் தெரியும். அமெரிக்காவிலோ, 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம் அரசு நிதி பெறும் கல்வி நிலையங்கள் பாலின பேதம் காட்டக்கூடாது என்று சொன்னது. அதனால் பல்கலைக்கழகங்கள் மெல்ல மெல்லப் பெண்கள் அணிகளுக்கும் உதவித்தொகை, பயிற்சியாளர், ஆடுகள நேரம் எல்லாம் ஒதுக்கத் தொடங்கின. பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கான தேசியக் கல்லூரிக் கோப்பை 2001இல்தான் வந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி அதைவிட இளையது, 2005இல் தொடங்கியது. ஐந்து வயதுக் குழந்தை போன்ற அந்த அணியைத்தான் ஒலிம்பிக் நாயகி தேர்ந்தெடுத்தார். பயிற்சியாளர் பிரையன் டுரோச்சர்.

முதல் ஆண்டிலேயே அணி தேசிய இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. 2011 மார்ச், பென்சில்வேனியாவில் ஈரி நகரம். எதிரணி விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அந்த அணியில் யார் யார்? மேகன் டக்கன், ஹிலரி நைட். இருவரும் ஓராண்டுக்கு முன் வான்கூவரில் பூலானிடம் தோற்ற அமெரிக்க அணியில் இருந்தவர்கள். இந்த முறை விஸ்கான்சின் நாலு, பாஸ்டன் ஒன்று. இந்த விளையாட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். நாடுகளுக்காக மோதும் பெண்கள், நாலு ஆண்டுகள் முழுவதும் கல்லூரிச் சட்டையிலும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பாஸ்டன் நகருக்குள்ளேயே இன்னும் நெருக்கமான பகை ஒன்று உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் ஒரே காமன்வெல்த் அவென்யூ சாலையில் இருப்பவை. ஆண்டுதோறும் பாஸ்டன் பகுதியின் நான்கு கல்லூரிகள் பீன்பாட் என்ற கோப்பைக்காக மோதும். மூன்று ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கும் பூலான் அந்த உள்ளூர்க் கோப்பையை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. அவர் படித்து முடித்துப் போய், 2019இல்தான் அவருடைய அணி அதை வென்றது.

2013இல் மறுபடியும் தேசிய இறுதிப் போட்டி. இந்த முறை எதிரணி மினசோட்டா பல்கலைக்கழகம், அதுவும் அவர்களுடைய சொந்தக் களத்தில். அந்தப் பருவத்தில் 41 ஆட்டம் ஆடி 41லும் வென்ற அணி அது. அந்த நாற்பத்தொன்றாவது வெற்றி பாஸ்டனுக்கு எதிரானது, ஆறுக்கு மூன்று. நெருக்கடி நேரத்தில் கைவிடமாட்டார் என்று உலகம் புகழும் ஒரு வீராங்கனை, கல்லூரியில் ஆடிய இரண்டு தேசிய இறுதிகளிலும் தோற்றார். இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இங்கேதான்.

அடுத்த ஆண்டு ஒலிம்பிக்குக்காகப் படிப்பை நிறுத்திவைத்தார். 2014 சோச்சி இறுதிப் போட்டியை எல்லோரும் அறிவார்கள். ஆனால் பாஸ்டனை மனதில் வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள். அமெரிக்கா இரண்டு கோல் முன்னிலை: முதல் கோல் விஸ்கான்சின் அணியில் பார்த்த டக்கன், இரண்டாவது பாஸ்டன் கல்லூரியின் அலெக்ஸ் கார்பென்டர். மூன்றரை நிமிடம் மிச்சமிருக்கையில் பிரியான் ஜென்னர் ஒரு கோலைத் திருப்பினார். அப்புறம் கனடா கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியது. வலை காலி. அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தூரத்திலிருந்து தட்டிய பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) ஊர்ந்து போய்க் கோல் கம்பத்தில் மோதியது. சில அங்குலம் தள்ளிப் போயிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஸ்டாக்கும் பாஸ்டன் கல்லூரிக்காரர். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது பூலான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹிலரி நைட் தவறுக்குத் தண்டனையாகக் களத்துக்கு வெளியே பெனால்டி பெட்டியில் உட்கார்ந்திருக்க, வெற்றிக் கோலும் பூலானுடையது. அந்தக் கடைசி நிமிடங்களில் அவர் எதிரில் நின்றவர்கள் அந்நியர்கள் இல்லை. யார் எப்போது நகர்வார்கள், யார் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று ஆண்டுக்கணக்கில் மோதிப் பழகியவர்கள். அந்த இரண்டு கோலுக்கான பயிற்சி பாதிக்குமேல் கல்லூரிக் களங்களில்தான் நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தங்கத்தோடு திரும்பியவர் மறுபடியும் பாஸ்டனுக்குப் போய்க் கடைசி ஆண்டை முடித்தார். உளவியல் பட்டம். 111 ஆட்டங்களில் 81 கோல், 100 கோலுக்குத் துணைநின்ற பாஸ். தானே அடித்ததைவிட அடுத்தவர் அடிக்கக் கொடுத்தது அதிகம்.

2015இல் வெளியே வந்தபோது அவருக்கு வயது 24, ஆட்டக்காரருக்கு உச்சமான பருவம். மாண்ட்ரியலில் அவர் திரும்பிச் சேர்ந்த லீக் அப்போதும் சம்பளம் தரவில்லை. 2017இல் சிறு தொகை கொடுக்கத் தொடங்கி, 2019இல் அந்த லீக்கே மூடப்பட்டது. பெண்களுக்கு முறையான சம்பளத்தோடு, பெரிய அரங்குகளில், புதிய தொழில்முறை லீக் தொடங்கியது 2024 ஜனவரியில். மாண்ட்ரியல் அணிக்குத் தலைவியாகப் பூலான் களமிறங்கினார். அப்போது அவருக்கு 32 வயது.

நன்றி, வணக்கம்.