மேசையில் இறங்கிய ஆவியும் முற்றத்தில் இறங்கிய தெய்வமும்

வணக்கம். பிரேசிலில் அடிமைமுறை 1888இல் ஒழிந்தது. இரண்டே ஆண்டுகளில் வந்த தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு, ஆவிகளோடு பேசுவதையும் மந்திரத்தையும் தாயத்தையும் குறி சொல்வதையும் ஒருசேரக் குற்றமாக்கியது. இன்று அந்தப் பிரிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதில் இரு சாரார் சிக்கினார்கள். ஒரு சாரார், 1857இல் பாரிஸில் வெளிவந்த ஆலன் கார்டெக் என்னும் பிரெஞ்சுக்காரர் ஆவிகளைப் பற்றி எழுதிய நூலைப் படித்து, மேசையைச் சுற்றி அமர்ந்து, இறந்தோரின் ஆவிகளிடம் அறிவுரை கேட்ட நகரத்துப் படிப்பாளிகள். மற்றொரு சாரார், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர். முரசு முழக்கி ஷாங்கோ, இயமாஞ்சா முதலிய ஒரிஷாக்களை அழைத்து, அத்தெய்வங்கள் தம் உடலில் இறங்க ஆடிய கான்டொம்ப்ளே என்னும் சமயத்தின் அடியார்கள்.

இறங்குவது இரு பக்கமும் நடந்ததுதான். ஆனால் மேசைக்காரர்கள் தங்களுடையது அறிவியல் என்றும் அறப்பணி என்றும் வாதாடினார்கள்; நாளடைவில் காவல்துறையே 'தாழ்ந்த ஆவியியல்' என்றொரு பெயரை வழங்கத் தொடங்கியது. அந்தப் பெயர் பெரும்பாலும் கறுப்பின மக்களின் வழிபாட்டு மனைகள் மீதே விழுந்தது. பழைய வழக்குக் கட்டுகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இவோன் மாகி, நீதிபதிகள் சூனியத்தைப் பொய்யென்று ஒதுக்கவில்லை, அவர்களும் அதை நம்பி அஞ்சியதால்தான் நல்ல மந்திரம், கெட்ட மந்திரம் என்று பிரிக்க முற்பட்டார்கள் என்கிறார். எனக்கு இந்த வாதம் மிகவும் சரியாகப் படுகிறது. அச்சம் இல்லாத இடத்தில் இத்தனை முரசுகளைப் பறிமுதல் செய்ய வேண்டியதில்லையே.

பிரேசிலில் தோன்றிய உம்பாண்டா என்னும் இன்னொரு சமயத்தாரின் தோற்றக் கதையிலும் இந்தப் பிளவே இருக்கிறது. 1908இல் நிதெரோய் நகரில், பழங்குடியினரும் அடிமைகளுமாக வாழ்ந்து மடிந்தோரின் ஆவிகள் வந்தபோது, பக்குவமில்லாதவை என்று மேசையிலிருந்து விலக்கப்பட்டனவாம். அதைக் கண்டு ஸெலியோ தெ மொராயிஸ் என்னும் இளைஞர் வழியாகப் பேசிய ஆவி, அவர்களுக்கென்றே தனி வழிபாட்டை அறிவித்ததாம். ஆண்டையும் நிகழ்ச்சியையும் ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். ஆனால் செத்த பிறகும் அடிமைக்கு மேசையில் இடமில்லை என்ற அந்த வேதனை கற்பனையல்ல.

ரியோ டி ஜெனிரோ காவல்துறை பறித்த வழிபாட்டுப் பொருள்கள் 1938இல் 'கறுப்பு மந்திரம்' என்ற பெயரிலேயே தேசிய மரபுச் சொத்தாகப் பதிவாயின. மெனினாசின்யா தெ ஒஷும் என்ற அன்னையும் பிற வழிபாட்டு மனைத் தலைவர்களும் நெடுங்காலம் போராடியதால், 500க்கும் மேற்பட்ட அப்பொருள்கள் 2020இல் குடியரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அத்தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'நம் புனிதம்'.